பலத்த காற்றில் மலைச்சரிவுக் கிளைடர்: கையிலிருந்து விடுவது முதல் தரையிறக்குவது வரை

மலைச்சரிவில் வந்து மோதும் காற்று மேலே ஏறித்தான் ஆக வேண்டும். அந்த எழுகாற்றில், எஞ்சின் ஏதும் இல்லாத ஒரு கிளைடர், காற்றும் ரேடியோக் கருவியின் பேட்டரியும் தாங்கும் வரை பறந்துகொண்டே இருக்கலாம். 1911 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் கில் டெவில் ஹில்ஸ் மணற்குன்றில் ஆர்வில் ரைட் எஞ்சின் இல்லாமல் 9 நிமிடம் 45 விநாடி பறந்ததும் இத்தகைய எழுகாற்றில்தான். அன்று அங்கே வீசியதும் கடுங்காற்றே. அதே வேலையை, 1.5 முதல் 3 மீட்டர் வரை இறக்கை நீளமுள்ள மாதிரிக் கிளைடரைக் கொண்டு, ரேடியோ டிரான்ஸ்மிட்டரைக் கையில் பிடித்தபடி செய்வதைப் பற்றியது இந்த வழிகாட்டி.

மிதமான காற்றில் சரிவுக் கிளைடரைப் பறக்கவிட்டுப் பழகியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதன்முதலாகக் கற்றுக்கொள்பவர் பலத்த காற்றில் தொடங்கக் கூடாது. இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தில் உள்ள லாங் மிண்ட் என்ற நீண்ட மலைமுதுகை மனத்தில் வைத்தே பெரும்பாலும் சொல்லப்போகிறேன். மேற்கு நோக்கிய அதன் செங்குத்துச் சரிவு, அந்நாட்டில் மிகுதியாக வீசும் மேல்காற்றை நேராக எதிர்கொள்கிறது. மாதிரிக் கிளைடர்கள் அங்கே பல்லாண்டுகளாகப் பறக்கின்றன.

எது பலத்த காற்று?

கண்ணால் அளப்பதை நம்பாதீர்கள். கையடக்கமான காற்றுவேகமானி ஒன்றை வாங்கி, சரிவின் விளிம்பில் நின்று, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, இரண்டு மூன்று நிமிடங்களாவது அளவிடுங்கள். விநாடிக்கு 11 முதல் 14 மீட்டர் வரை, அதாவது மணிக்கு ஏறக்குறைய 39 முதல் 49 கிலோமீட்டர் வரை இருந்தால், போஃபோர்ட் அளவுகோலில் அது 6ஆம் நிலை. குடை பிடிப்பது கடினமாகும் காற்று அது. 7ஆம் நிலையில், மணிக்கு 50 முதல் 61 கிலோமீட்டரில், எதிர்க்காற்றில் நடப்பதே சிரமம். இந்த இரண்டு நிலைகளைத்தான் இங்கே பலத்த காற்று என்கிறேன். எஃப்3எஃப் என்னும் சரிவு வேகப்பந்தயத்தில் விநாடிக்கு 25 மீட்டர் வரை போட்டி நடத்த விதி இடம் தருகிறது. ஆனால் அது மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று, அதற்கென்றே தயாரான கைகளுக்கும் கிளைடர்களுக்கும் உரியது.

சராசரி வேகத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது, வீச்சுக்கும் தணிவுக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. விநாடிக்கு 10 மீட்டரில் இருந்த காற்று 20 மீட்டரானால், இறக்கையின் மீது அது செலுத்தும் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 14 மீட்டரில் சீராக வீசும் கடற்கரைக் காற்று, 9க்கும் 16க்கும் இடையே ஊசலாடும் உள்நாட்டுக் காற்றைவிடப் பறப்பதற்கு எளிது.

சரிவைப் படித்தல்

காற்று சரிவுக்குச் செங்குத்தாக வர வேண்டும். இருபது பாகை வரை விலகினால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் எழுகாற்று குறைந்து, சரிவின் ஒவ்வொரு மடிப்பின் பின்னாலும் சுழல் உருவாகும். எஃப்3எஃப் விதியில் 45 பாகைதான் எல்லை. ஆனால் பலத்த காற்றில் அந்த எல்லைவரை போய்ப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வதே நல்லது.

அடுத்ததாக, விளிம்பின் வடிவத்தைப் பாருங்கள். லாங் மிண்ட் போல மேற்பகுதி உருண்டு சமதளமாகும் மலையில், காற்று தரையைப் பற்றியபடியே பின்னோக்கிப் போகும். வட வேல்ஸின் லாண்டட்னோ அருகே, கடலை ஒட்டி 207 மீட்டர் உயரத்தில் நிற்கும் கிரேட் ஓர்ம் சுண்ணாம்புப் பாறையின் செங்குத்து முனைகளில் அப்படி நடக்காது. அங்கே காற்று விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே பாய்கிறது. அதன் கீழே, நீங்கள் நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், காற்று எதிர்த்திசையில் உருண்டு சுழல்கிறது. பின்சுழல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். கிளைடர்கள் உடைவதில் பெரும்பங்கு இதனுள்ளேதான்.

பின்சுழல் எங்கே இருக்கிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நீளக் குச்சியின் நுனியில் அரை மீட்டர் நாடாவைக் கட்டிக்கொண்டு, விளிம்பிலிருந்து பின்னோக்கி மெதுவாக நடங்கள். நாடா நேராக விறைத்து நிற்கும் பகுதி, அது துவண்டு திசை மாறித் துடிக்கும் பகுதி, மீண்டும் சீராக நீளும் பகுதி ஆகிய மூன்றையும் ஒரு கல்லோ புல்திட்டோ அடையாளமாகக் கொண்டு நினைவில் வையுங்கள். முதலாவது நீங்கள் வீசவேண்டிய இடம், மூன்றாவது தரையிறங்கவேண்டிய இடம், நடுவில் இருப்பது தாழ்வாக ஒருபோதும் நுழையக் கூடாத இடம். பத்து நிமிடம் பிடிக்கும் இந்த நடையை நான் எந்தச் சரிவிலும் தவிர்ப்பதில்லை.

வானத்தில் இருக்கும் மற்றவர்களையும் கவனியுங்கள். லாங் மிண்டின் உச்சியிலேயே 1934 முதல் மிட்லண்ட் கிளைடிங் கிளப் இயங்குகிறது. மனிதர் அமர்ந்து பறக்கும் கிளைடர்கள் அதே எழுகாற்றில் விளிம்பை ஒட்டி வருகின்றன. அவை வரும்போது நம் மாதிரி விலகித் தாழ வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆளில்லா விமான விதிகள், 10 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சரிவுக் கிளைடருக்கு ஒரு சலுகை தருகின்றன: பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் விலகிப் பறக்கலாம், ஆனால் இயக்குபவர் நிற்கும் இடத்திலிருந்து 120 மீட்டருக்கு மேல் ஒருபோதும் உயரக் கூடாது. பலத்த காற்றில் அந்த உயரத்தை அடைய அரை நிமிடம்கூடத் தேவைப்படாது.

எடை

புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான். காற்று கூடினால் கிளைடர் இலேசாக இருக்க வேண்டும் என்று தோன்றும். உண்மையில் அது கனமாக இருக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், இலவம்பஞ்சு எங்கே போய் நிற்கும்?

கணக்கு இதுதான். இறக்கையின் ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பு எத்தனை கிராம் எடையைச் சுமக்கிறது என்பதை இறக்கைச் சுமை என்கிறோம். அது 40 கிராமாக இருந்தால், கிளைடர் விழாமல் பறக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர். 60 கிராமானால் ஏறத்தாழ 10. எஃப்3எஃப் விதி அனுமதிக்கும் உச்சமான 75 கிராமில் 11. வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயர்கிறது. குறைந்த வேகம் மட்டுமல்ல, சிக்கனமாகச் சறுக்கும் வேகமும் அதே விகிதத்தில் உயர்கிறது என்பதே நமக்குப் பயன்படும் செய்தி. விநாடிக்கு 14 மீட்டர் காற்றை எதிர்த்து முன்னேற வேண்டிய கிளைடர், 18 அல்லது 20 மீட்டர் வேகத்தில் உயரத்தை அதிகம் இழக்காமல் பறக்க வேண்டும். இலேசான கிளைடரும் மூக்கைக் கவிழ்த்தால் அந்த வேகத்தை எட்டும், ஆனால் ஏறிய உயரமெல்லாம் அதற்கே செலவாகிவிடும்.

ஆகவே பலாஸ்ட் என்னும் கூடுதல் எடையைச் சேர்க்கிறோம். பித்தளைத் துண்டுகளோ ஈயத் துண்டுகளோ, இறக்கையினுள் அல்லது உடலினுள் அதற்கென்று அமைந்த குழாயில், கிளைடரின் எடைமையத்தில் வர வேண்டும். சேர்த்த பிறகு எடைமையத்தை மறுபடியும் சரிபாருங்கள். நகர்ந்திருந்தால், பின்னோக்கி நகர்ந்ததைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னோக்கி நகர்ந்ததை ஏற்றுக்கொள்ளலாம். துண்டுகளுக்கு இடையே காலி இடம் இருந்தால் நுரையாலோ மரக்கட்டையாலோ நிரப்புங்கள். பறக்கும்போது 300 கிராம் ஈயம் குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடினால், அந்தக் கிளைடரை எவராலும் காப்பாற்ற இயலாது. எவ்வளவு சேர்ப்பது என்று தயங்கினால், 1 கிலோ எடையுள்ள இபிபி நுரைக் கிளைடருக்கு 200 முதல் 300 கிராமில் தொடங்கலாம்.

எடையோடு பொறுப்பும் கூடுகிறது. விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் 2 கிலோ கிளைடர், பத்துமாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் 2 கிலோ கல்லுக்குச் சமமான ஆற்றலோடு வருகிறது. நடைபாதைக்கு மேலே பறக்கவிடாதீர்கள் என்று சொல்வதற்கு வேறு காரணம் தேவையில்லை.

புறப்படும் முன்

வண்டியிலிருந்து எடுத்த இறக்கைகளை உடனே பூட்ட வேண்டாம். பூட்டிய கிளைடரைப் பலத்த காற்றில் சமதரையில் வைத்துவிட்டுத் திரும்பினால், அது உங்களுக்கு முன்பே பறந்திருக்கும். மேட்டின் மறைவில் பூட்டுங்கள். தரையில் வைக்க நேர்ந்தால் தலைகீழாக வைத்து, இறக்கையின் மேல் ஒரு பையை ஏற்றுங்கள். தூக்கிக்கொண்டு நடக்கும்போது மூக்கு காற்றை நோக்கியே இருக்கட்டும், இறக்கையை இடுப்புக்குக் கீழே பிடியுங்கள்.

ஒவ்வோர் அசைதகட்டையும் விரலால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். இறக்கையில் உள்ள எய்லரானிலோ வாலில் உள்ள எலிவேட்டரிலோ ஒரு மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலும், அதிவேகத்தில் அந்தத் தகடு தானாகவே நடுங்கத் தொடங்கி, சில விநாடிகளில், தகட்டை அசைக்கும் சிறு மோட்டாரான செர்வோவின் பற்களையோ இறக்கையையோ முறித்துவிடும். ஃபிளட்டர் எனப்படும் இந்த நடுக்கம், காற்றில் ஒரு உறுமலாகக் காதில் விழும். மெல்லிய காற்றில் இதே தளர்வு கண்ணுக்கே படாமல் போயிருக்கும்.

பேட்டரியைச் செர்வோக்கள் அசையும்போது அளவிடுங்கள், சும்மா இருக்கும்போது அல்ல. குளிரில் அதன் கொள்ளளவு குறையும், பலத்த காற்றில் செர்வோக்கள் இழுக்கும் மின்சாரமோ கூடும். டிரான்ஸ்மிட்டரைத் தொலைவுச் சோதனைக்கான குறைந்த திறனில் வைத்து, முப்பது அடி எடுத்துவைத்து விலகிப் பாருங்கள். தொடர்பு அறுந்தால், இறக்கையின் உட்பக்கத் தகடுகளான ஃபிளாப்கள் கீழேயும் எய்லரான்கள் மேலேயும் விரியுமாறு ஃபெயில்சேஃப் அமைப்பைப் பதியுங்கள். கட்டுப்பாடிழந்த கிளைடர் ஊருக்குள் போவதைவிடச் சரிவிலேயே இறங்கிவிடுவது நல்லது. கடைசியாக, டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும், தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ஒவ்வொரு முறையும் இதை வாய்விட்டுச் சொல்லிச் சரிபாருங்கள்.

வேகம் கூடும்போது அசைதகடுகளின் விளைவும் கூடுவதால், எய்லரான், எலிவேட்டர் அசைவுகளை வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கும் இரண்டாவது நிலையை ஒரு சுவிட்சில் வைத்துக்கொள்வது நல்லது. இறக்கையின் பின்விளிம்பை முழுநீளத்துக்கும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கிவிட்டால் கிளைடர் எதிர்க்காற்றை இன்னும் எளிதாகக் கிழிக்கும்.

வீசுதல்

பலத்த காற்றில் முதல் மூன்று விநாடிகள்தான் மிக ஆபத்தானவை. கிளைடர் உங்கள் கையில் இருக்கும்போதே அதன் இறக்கையைக் கடந்து விநாடிக்கு 14 மீட்டர் காற்று ஓடுகிறது. அதாவது அது ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிறது, நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு உயரம் தரத் தேவையில்லை. முன்னோக்கிய வேகம் மட்டுமே தர வேண்டும்.

முதலில், சரியான இடத்துக்குப் போங்கள். உச்சியில் நிற்காமல், நாடா விறைத்து நின்ற அந்த முன்விளிம்பில், முடிந்தால் அதற்கும் ஓரிரு அடி கீழே, காலை உறுதியாக ஊன்றி நில்லுங்கள். ஒருமுறை, முழங்கால் வலிக்கிறது என்று விளிம்புக்கு நான்கு மீட்டர் பின்னாலிருந்தே வீசினேன். கிளைடர் மேலே துள்ளியது, இடது இறக்கை பின்சுழலில் சிக்கியது, இரண்டு விநாடிகளில் என் பின்னால் இருந்த வேலியில் அதன் உடல் இரண்டாக முறிந்து கிடந்தது. அந்த நான்கு மீட்டரை அதன்பின் நான் எப்போதும் நடந்தே கடக்கிறேன்.

இரண்டாவதாக, வீசுவதற்கு இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்டைவிரல்களும் ஸ்டிக்கின் மேல் இருக்கும்போது முதல் தவறைத் திருத்துவதற்கும், ஒரு கையை விடுவித்து டிரான்ஸ்மிட்டரைத் தேடும்போது திருத்துவதற்கும் வித்தியாசம் மிகப் பெரியது. தனியாகத்தான் வீச வேண்டும் என்றால், டிரான்ஸ்மிட்டரைக் கழுத்துப்பட்டையில் தொங்கவிட்டு, வலது ஸ்டிக்கின் மேல் உள்ள விரல் விலகாதபடி மற்ற கையால் வீசப் பழகுங்கள்.

வீசுபவர் கிளைடரின் உடலை, எடைமையத்துக்குச் சற்றுப் பின்னே, உறுதியாகப் பிடிக்க வேண்டும். இறக்கைகள் மட்டமாகவும், மூக்கு காற்றின் திசையில் நேராகவும், அடிவானத்துக்கு ஐந்து பாகை கீழாகவும் இருக்கட்டும். சரிவு செங்குத்தாக இருந்தால், காற்றே கீழிருந்து மேல்நோக்கி வருகிறது என்பதை நினைவில் வைத்து, மூக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கள். பிடி சரியாக இருந்தால் கிளைடர் கையில் எடையற்றதுபோலத் தோன்றும்; ஒருபக்க இறக்கை தூக்கினால் காத்திருங்கள். காற்றின் வீச்சு தணியும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டாம். சீரான காற்று வரும்போது, இயக்குபவர் சொல்லும் ஒரே சொல்லுக்கு, ஈட்டியை நேராக எறிவதுபோல் முன்னோக்கித் தள்ள வேண்டும்.

மேல்நோக்கி எறிவதே மிகப் பரவலான தவறு. மேலே பார்த்துப் போன கிளைடர் முன்வேகத்தை இழந்து, ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தாங்கும் திறனை இழந்து, காற்றோடு உங்கள் தலைக்கு மேலாகப் பின்னே வந்துவிடும். விட்டவுடன் சற்றே எலிவேட்டரைக் கீழே தள்ளி, இறக்கைகளை மட்டமாக வைத்து, முப்பது நாற்பது மீட்டர் முன்னே செல்லும்வரை வேறு எதையும் செய்யாதீர்கள். டிரிம் பொத்தான்களைத் தேடி டிரான்ஸ்மிட்டரைக் குனிந்து பார்க்காதீர்கள். கிளைடர் வேகமெடுத்துவிட்டது என்று தெரிந்த பின், சரிவை விட்டு விலகும் திசையில் முதல் திருப்பத்தை எடுங்கள்.

காற்றில்

பறத்தல் தானாகவே அமையும் பகுதி என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சரிவுக்கு இணையாக முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வொரு முனையிலும் காற்றை நோக்கியே திரும்புங்கள். தரைவேகத்தையும் காற்றுவேகத்தையும் குழப்பிக்கொள்வதே இங்கே பெரிய பொறி. விநாடிக்கு 20 மீட்டரில் பறக்கும் கிளைடர், 15 மீட்டர் எதிர்க்காற்றில் தரைக்கு மேல் 5 மீட்டரில் ஊர்வதுபோலத் தெரியும். பின்காற்றில் 35 மீட்டரில், அதாவது மணிக்கு 126 கிலோமீட்டரில் பாயும். அந்தப் பாய்ச்சலைக் கண்டு மிரண்டு ஸ்டிக்கை இழுத்தால், இறக்கைக்குத் தெரிந்த 20 மீட்டரும் குறைந்து கிளைடர் ஸ்டால் ஆகும்.

மூக்கைத் தாழ்த்தியும் முன்னேற முடியாமல் பின்னால் தள்ளப்பட்டால், திரும்பாதீர்கள், இழுக்காதீர்கள். காற்றை நேராக நோக்கி, இன்னும் தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்து முன்னேற்றத்தை வாங்குங்கள்; பிறகு தரையிறக்கிப் பலாஸ்ட்டைக் கூட்டுங்கள். முகட்டுக்குப் பின்னே தாழ்வாகப் போய்விட்டால், விளிம்பைத் தாண்டி மீண்டும் முன்னே கொண்டுவர முயலாமல், காற்றை நோக்கியபடி அங்கேயே இறக்கிவிடுங்கள். முகட்டின் மறைவில் வேண்டுமென்றே நுழைந்து வேகம் சேர்க்கும் கலையும் உண்டு. 2021 ஜனவரியில் ஸ்பென்சர் லிசன்பி என்பவர் கலிபோர்னியாவின் பார்க்கர் மலையில் தம் மாதிரிக் கிளைடரில் அப்படித்தான் மணிக்கு 882 கிலோமீட்டரை எட்டினார். அதற்கென வலுவூட்டிய கிளைடர்கள் இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

ஃபிளட்டரின் உறுமல் கேட்டால் மெதுவாக மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறையுங்கள். வெடுக்கென்று இழுத்தால் நடுங்கும் இறக்கை அந்தச் சுமையிலேயே முறியும்.

தரையிறக்கம்

பேட்டரி பாதி இருக்கும்போதே தரையிறக்கத்தைத் தொடங்குங்கள், ஏனெனில் முதல் முயற்சி சரியாக அமையாது. எழுகாற்று இன்னும் கிளைடரைத் தூக்கிக்கொண்டே இருக்கும். நாடா மீண்டும் சீராக நீண்ட அந்த மூன்றாவது இடம் உங்கள் பின்னால் இருக்கிறது. முகட்டுக்குப் போதிய உயரத்தில், பக்கவாட்டிலிருந்து, மனிதர்கள் இல்லாத ஓரமாகப் பின்னே கொண்டுபோங்கள். பின்காற்றில் அது பறந்தோடும் என்பதால், நினைத்ததைவிட முன்னதாகவே காற்றை நோக்கித் திருப்புங்கள். திரும்பி முடிந்ததும் மூக்கைத் தாழ்த்தி, ஃபிளாப்களைக் கீழேயும் எய்லரான்களை மேலேயும் பிரேக்காக விரித்து, செங்குத்தான பாதையில் வாருங்கள்.

தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறைகிறது. பத்து மீட்டர் உயரத்தில் கிளைடரைத் தாங்கிய எதிர்க்காற்று, ஒரு மீட்டர் உயரத்தில் பாதியளவே இருக்கலாம். அந்த இழப்பை ஈடுகட்டும் கூடுதல் வேகத்தோடுதான் வர வேண்டும். மெதுவாக வந்த கிளைடர் முழங்கால் உயரத்தில் கல்லாய் விழும். புல்லைத் தொடும்வரை மூக்கு சற்றுத் தாழ்ந்தே இருக்கட்டும், பிரேக்கை நடுவில் மூடாதீர்கள்.

பின்னே இடம் இல்லாத கூரிய விளிம்புகளில், சரிவின் முகத்திலேயே இறக்குவது பாதுகாப்பானது. விளிம்புக்குக் கீழே, உங்கள் கண்மட்டத்துக்கும் தாழ்வாக, சரிவுக்கு இணையாக, மூக்கைப் பாதி காற்றை நோக்கி வைத்துப் பறந்து, பிரேக்கை விரித்து, கிளைடரைப் பக்கவாட்டில் மெல்லச் சரிவின் மேல் ஒதுங்கவிடுங்கள். லாங் மிண்டின் ஹீதர் புதர்கள் அந்த இறக்கத்தை மெத்தைபோல் ஏற்றுக்கொள்கின்றன. பாறைச் சரிவில் இதை முயலாதீர்கள்.

இறங்கிய கிளைடரை நோக்கி உடனே நடங்கள், ஆனால் அதுவரை இடது கை பிரேக்கை விரித்தே வைத்திருக்கட்டும். பிரேக் மூடினால் அடுத்த வீச்சில் அது மறுபடியும் எழும். அருகே போனதும் காற்று வரும் பக்கத்து இறக்கையை முதலில் அழுத்திப் பிடித்து, தலைகீழாகப் புரட்டி, மேட்டின் மறைவுக்குக் கொண்டுபோன பிறகே ரிசீவரை அணையுங்கள். பலாஸ்ட் துண்டுகளை அப்போதே வெளியே எடுத்து எண்ணிப் பாருங்கள்.